பதினான்கு டிகிரியில் செடி, நாற்பத்தொன்றில் பெண்கள்

அவளுடைய நாள் ஒரு பொத்தானை அழுத்துவதில் தொடங்கும்.

மூன்றாவது மாடி வீட்டின் பின்பக்க பால்கனி. ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்க முடியும். அங்கே கண்ணாடிக் கதவு வைத்த பழைய குளிர்பான அலமாரி ஒன்று நிற்கிறது, அவள் வேலை செய்யும் மருத்துவமனையின் கேண்டீன் கழித்துக் கட்டியது. சோடா பாட்டில்கள் நின்ற தட்டுகளில் இப்போது ஐந்து சின்ன மண்தொட்டிகள். மண்ணுக்குப் பதிலாக உள்ளே நார்போன்ற பாசி. பாசியிலிருந்து விரல் நீளத்துக்கு மெல்லிய இலைகள். பூக்கும்போது மூன்று வால் முளைத்த சின்னப் பட்டம் மாதிரி ஒரு பூ. மலைமேகத்துக்குள் வளரும் ஆர்க்கிட் வகை. இரவில் பதினான்கு டிகிரி, பகலில் இருபத்து நான்குக்குள் இருந்தால்தான் உயிரோடிருக்கும். வெளியே தெருவில் தார் உருகுகிறது.

அலமாரிக்குள் ஒரு வெப்பமானி தொங்கும். வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இரும்பு ஊசிகள். நேற்று எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று ஆளுக்கொரு இடத்தில் நின்று காட்டும். பார்த்து எழுதிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் ஊசிகள் இறங்கிவரும், புது நாளின் அளவு தொடங்கும். அழுத்தாவிட்டால் நேற்றைய உச்சத்திலேயே நிற்கும். அவள் எழுதுவாள், அழுத்துவாள், அப்புறம்தான் பல் தேய்க்கப் போவாள். ஏழு வருடங்களாக இப்படித்தான்.

பேச்சுக்குப் பேச்சு டிகிரி என்று சொல்வதால் சலவைப் பிரிவில் அவளுக்கு டிகிரி அக்கா என்று பெயர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்தக் கிண்டலை முதலில் செய்தவளும் அவளேதான்.

சலவைப் பிரிவுக்கு வரும் அழுக்குத் துணி மூட்டைகளில் துணி மட்டும் இருப்பதில்லை. ஸ்பூன், கண்ணாடி, பல்செட், ஒருமுறை ஒரு குழந்தையின் கொலுசு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே இந்தச் செடி இருந்தது, தொட்டியோடு. யாரோ ஒரு நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மலைப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போகும்போது மேசையிலேயே விட்டுவிட்டார். துப்புரவு செய்தவர் படுக்கை விரிப்போடு சேர்த்துச் சுருட்டிவிட்டார். இரண்டு இலை ஒடிந்திருந்தது. தொட்டியில் குத்தியிருந்த சீட்டில், குளிர்ந்த இடத்தில் வை என்று எழுதியிருந்தது.

குளிர்ந்த இடம் எது? அவள் வீட்டில் இல்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் இல்லவே இல்லை.

கணவர் பஸ் கண்டக்டர். அவருடைய போனை வாங்கி, செடி வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் படத்தைப் போட்டு, எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டாள். பெரிய கண்ணாடி வீடு கட்டி ஆர்க்கிட் வளர்க்கும் ஒருவர் பதில் எழுதினார். உங்கள் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படாது, உங்களுக்கு ஒத்துவருகிற செடியாகப் பார்த்து வளருங்கள் என்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

"எனக்கு எது ஒத்துவரும்னு உலகத்துல எல்லாருக்கும் தெரியுது, பாருங்க," என்றாள் கணவரிடம். "படிப்பு ஒத்துவராது, ஆபீஸ் வேலை ஒத்துவராது. இப்ப பாசியில முளைக்கிற செடிகூட ஒத்துவராதாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்தச் செடி பிழைத்தது என்று நினைக்கிறேன்.

உடனே பிழைத்துவிடவில்லை. அவள் அதை மூன்றாகப் பிரித்து நட்டாள். பிறகு அந்தக் குழுவிலிருந்தே வேறு சிலர் ஏழெட்டுக் கன்றுகளை அஞ்சலில் அனுப்பினார்கள். வந்ததில் பாதிக்கு மேல் அவள் கையாலேயே செத்தன. ஒன்றைப் பனிக்கட்டி வைத்துக் கொன்றாள். வேர் வெந்ததுபோல் கறுத்தது. ஒன்று குழாய்த் தண்ணீரின் உப்பில் போனது. அதற்குப் பிறகுதான், மருத்துவமனை அதிகாரிகளின் அறைகளிலிருந்து ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு கேனை வைக்கத் தொடங்கினாள். உப்பில்லாத சுத்தமான தண்ணீர். அவர்களுடைய குளிரில் அவளுக்குக் கிடைத்த பங்கு அந்தச் சொட்டுதான்.

பெரிய சாவு இரண்டாம் வருடம். பால்கனியைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் கட்டினாள். உள்ளே ஈரச் சாக்கு தொங்கவிட்டாள். தரையில் தண்ணீர் தெளித்தாள். ஈரம் இருந்தால் குளிர்ச்சி இருக்கும் என்று கணக்கு. முதல் நாள் குளுகுளுவென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் இலைகள் அடியில் கறுத்துத் தொட்டதும் கையோடு வந்தன. நான்கு தொட்டி. தாள் கிழிந்த ஓட்டையை ஒட்டியிருந்த ஒன்று மட்டும் தப்பித்தது.

அழுதாள் என்று கணவர் சொல்கிறார். அவள் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஓட்டையைப் பற்றி ஒரு வாரம் யோசித்தாள் என்பதை ஒத்துக்கொள்கிறாள். ஈரத் துணி குளிர்வது தண்ணீர் இருப்பதால் அல்ல, தண்ணீர் கிளம்பிப் போவதால். போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அது எங்கே போகும்? போக வழியில்லை. சூடு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான்கு தொட்டி போனபிறகு அவளே கண்டுபிடித்தது. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறதுதான். அவளைப் பள்ளிக்கூடத்தில் இருக்க விட்டிருந்தால் நான்கு தொட்டி மிச்சமாகியிருக்கும்.

அப்புறம்தான் அலமாரி வந்தது, மிஞ்சிய ஒன்றோடு சேர்த்து வைக்கக் குழுவினர் மறுபடி அனுப்பிய கன்றுகளும் வந்தன. குளிர்பான அலமாரியின் சொந்தக் கருவி மூன்று டிகிரிவரை இறக்கிவிடும், அது செடியைக் கொன்றுவிடும். அதனால் பதினான்கில் மின்சாரத்தை நிறுத்துகிற தனிக் கருவி ஒன்றை மாட்டினாள். சூட்டை அறியும் அதன் உணர்கம்பியைத் தொட்டிகளுக்கு நடுவே செருகினாள். உள்ளங்கை அளவு விசிறி ஒன்று உள்ளே எப்போதும் சுற்றும். காலையில் மட்டும் தண்ணீர், இருட்டுவதற்குள் இலைக்குருத்து காய்ந்திருக்க வேண்டும். மூன்றாம் வருடம் முதல் பூ வந்தது. கணவர் வேலையிலிருந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் செடிக்கு இருக்கிற வசதி எனக்கு இருந்தா நானும் பூத்திருப்பேன்."

இனி இஸ்திரி அறை.

நீளமான அறை. எட்டு நீராவி இஸ்திரி மேசைகள், விரிப்புகளை நசுக்கித் தள்ளும் இரண்டு உருளைகள், பன்னிரண்டு பெண்கள். ஜன்னல்கள் மருத்துவமனையின் முன்தோட்டத்தைப் பார்த்திருப்பதால் ஆணி அடித்து மூடப்பட்டவை. வருகிற போகிறவர்கள் கண்ணில் அழுக்கு மூட்டை படக்கூடாது. மேலே இரண்டு மின்விசிறிகள், நீராவியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுவதற்கு. கோடையின் நடுவில் ஒரு பகல், பச்சைத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் அப்படியே சரிந்தாள். சிறிய உடம்பு, எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து மேசையிலிருந்த டிகிரி அக்கா தாவிப் பிடித்ததால் தலை தரையில் மோதவில்லை. துணியை அழுத்தும் மேசையின் சூடான மேல்மூடி மட்டும் இறங்கியபடியே இருந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைத் துணி ஒரு கட்டும் மேசை மெத்தையும் கருகின.

மறுநாள் குருவிக்கு ஒரு தாள் வந்தது. காலையில் சாப்பிடாமல் பணிக்கு வந்து, கவனக்குறைவால் நிறுவனத்தின் உடைமைக்குச் சேதம் விளைவித்ததற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தது. பதில் சொல்ல இரண்டு வாரம், பிறகு விசாரணை.

ஒரு செடி வாடினால் என்ன செய்கிறோம்? வெயிலைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம், தொட்டியை நகர்த்துகிறோம். ஒரு தொழிலாளி விழுந்தால் அவள் காலையில் என்ன தின்றாள் என்று கேட்கிறோம்! இஸ்திரி அறையின் சூடு எவ்வளவு என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. சூப்பர்வைசர் அறை வாசலில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. வருடம் முழுவதும் அதில் முப்பத்திரண்டு. பதிவேட்டிலும் முப்பத்திரண்டு.

நிர்வாகம் ஒன்றும் செய்யாமல் இல்லை. நான்காம் நாள் தண்ணீர் ஊற்றிக் காற்றடிக்கிற ஆளுயர ஏர் கூலர் ஒன்று இஸ்திரி அறைக்கு வந்தது. பராமரிப்பு இன்ஜினியர் தானே வந்து ஓட்டிக் காட்டினார். பெண்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோருடைய சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு கனத்தது. டிகிரி அக்காவுக்கு உடனே புரிந்தது, அது அவளுடைய பிளாஸ்டிக் கூடாரம். மூடிய அறை, ஏற்கெனவே நீராவி, அதில் இன்னும் ஈரம். நான்கு தொட்டியை அவள் கொன்ற அதே முறை. அவள் போய்க் கூலரின் சுவிட்சை அணைத்தாள். யார் அணைத்தது என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"நான்தான் சார். இந்த ஈரத்துல வேர்வை காயாது. வேர்வை காயலைன்னா உடம்பு குளிராது. இதை ஓட்டுனா நாளைக்கு ரெண்டு பேர் விழுவாங்க."

இன்ஜினியரைவிட உனக்கு அதிகம் தெரியுமோ என்று கேட்டார். இந்த விஷயத்தில் தெரியும் என்றாள்.

அன்று மாலை அலமாரியைத் திறந்து வெப்பமானியைக் கழற்றினாள். ஈரப்பதம் காட்டும் வட்ட முள்கருவியையும் எடுத்தாள். செடிக்கு எப்படி வைப்பது என்று நன்றாகத் தெரியும். நேர் வெயில் படக்கூடாது, சுவரில் ஒட்டக்கூடாது, இலை இருக்கும் உயரத்தில் தொங்க வேண்டும். இஸ்திரி அறையில் பெண்களின் முகம் இருக்கும் உயரத்தில், இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு கம்பியில் கட்டினாள். கேட்டவர்களிடம் செடிக்கான சாமான் என்றாள். அது பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது ஊசி நிற்கும் இடத்தை எழுதி, பொத்தானை அழுத்திவிட்டு வருவாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பது. நாற்பத்திரண்டு. ஈரப்பதம் அறுபத்தைந்து. சூப்பர்வைசர் பிடிவாதமாகக் கூலரை ஓட்டவைத்த நாட்களில் எண்பத்தைந்து.

வீட்டில் அலமாரிக்குக் கண் இல்லாமல் போனது. தினமும் காலையில் அவள் கிளம்பியபிறகு கணவர் ஒரு பார்வை பார்ப்பதாக ஏற்பாடு. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எல்லாம் சரி என்பார். ஒரு வியாழக்கிழமை காலை அவளே கதவைத் திறந்தாள். கையில் அறைந்ததுபோல் குளிர். உணர்கம்பி தொட்டிகளுக்கு நடுவிலிருந்து நழுவி, வெளிச்சூடு ஏறிய கண்ணாடிக் கதவில் சாய்ந்திருந்தது. உள்ளே இன்னும் சூடாகவே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கருவி இரண்டு நாளாக நிற்காமல் ஓடியிருக்கிறது. மேல்தட்டில் இரண்டு தொட்டிகளின் இலைகள் கண்ணாடிபோல் நீர் கோத்துத் தொங்கின. அதில் ஒன்று மூட்டையில் வந்த முதல் செடியின் பங்கு. ஆறு மொட்டு விட்டிருந்தது.

கணவர் பதறிப்போனார். வெப்பமானி இருந்திருந்தால் முந்தின நாளே தெரிந்திருக்கும், அதைக் கொண்டுவந்து மாட்டிவிடு, ஊருக்கெல்லாம் நீதான் பொறுப்பா என்றார். அவர் சொன்னதில் பாசம்தான் இருந்தது.

"விடுங்க," என்றாள் அவள். "செடி போனா எனக்கு வருத்தம், அவ்வளவுதான். குருவிக்கு வேலை போனா அது அநியாயம்."

கம்பியை மறுபடி செருகி, நூலால் கட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

விசாரணை நாள். நிர்வாக அதிகாரியின் அறையில் நீள மேசை. அதிகாரி ஒரு பக்கம், இன்ஜினியர் ஒரு பக்கம், எதிரே குருவி நாற்காலியின் விளிம்பில். டிகிரி அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கூடவே போய் உட்கார்ந்தாள். நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டபோது, விழும்போது பிடித்தவள் என்றாள். பையிலிருந்து வெப்பமானியை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். அதற்குப் பக்கத்தில் நோட்டுத் தாள். பொத்தானை அழுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து, இறக்கம் காட்டும் ஊசியைப் பார்த்தாள்.

"இந்த ரூம் இருபத்திரண்டு சார். என் செடியை இங்க வெச்சா ஒரு குறையும் இல்லாம இருக்கும். நாங்க நிக்கிற இடத்துல ஒரு பகல் தாங்காது."

இன்ஜினியர், பதிவேட்டில் முப்பத்திரண்டு என்றுதானே இருக்கிறது என்றார்.

"அது உங்க சூப்பர்வைசர் ரூம் வாசல்ல தொங்குது சார். கதவு திறக்கிறப்பல்லாம் அதுக்கு ஏ.சி. காத்து. எங்க எல்லாரையும்விட அதுக்குத்தான் நல்ல வேலை."

குருவி பயத்திலும் சிரித்துவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. தாளை எடுத்து இன்ஜினியரிடம் தள்ளினார். இன்ஜினியர் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"வியாழக்கிழமை நாற்பத்திமூணு. வெள்ளிக்கிழமையும் நாற்பத்திமூணு. வெள்ளிக்கிழமை மழை பெஞ்சுது. அன்னிக்கும் அச்சுப் பிசகாம அதே எண்ணா?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். வியாழக்கிழமை. காலையில் இரண்டு தொட்டி போன நாள். அன்று மாலை எண்ணை எழுதியது நினைவில் இருந்தது. பொத்தானை அழுத்தியது நினைவில் இல்லை. ஏழு வருடத்தில் தவறாத கை அன்று தவறியிருக்கிறது. அவள் பொய் சொல்லியிருக்கலாம். மழையிலும் நாற்பத்திமூன்று இருந்தது என்று சாதித்திருந்தால் மறுக்க யாரிடமும் வேறு அளவு இல்லை.

"வெள்ளிக்கிழமை எண் தப்பு சார். முந்தின நாள் பொத்தானை அழுத்த மறந்திருக்கேன். ஊசி அங்கேயே நின்னிருக்கு. அதை அடிச்சிடுங்க."

குருவியின் முகம் செத்துவிட்டது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு நாள் மறந்தவள் மற்ற நாளெல்லாம் அழுத்தினாள் என்பதற்கு என்ன நிச்சயம், இந்தத் தாளையே எப்படி நம்புவது என்று கேட்டார்.

"அழுத்தலைன்னா எண் கீழ இறங்க முடியாது சார், ஒண்ணு அங்கேயே நிக்கும், இல்லைன்னா ஏறும். ஏறுச்சுன்னா சூடு நெசமாவே ஏறியிருக்குன்னு அர்த்தம். நாற்பத்திரண்டுக்கு அடுத்த நாள் நாற்பது. இறங்கியிருக்கு, அப்ப அழுத்தியிருக்கேன். ஒரே எண் நிக்கிறது வெள்ளிக்கிழமை மட்டும்தான். இன்ஜினியர் சாரையே கேளுங்க."

அதிகாரி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தாளை மறுபடி மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கணக்குப் படித்த மனிதர்.

"அவங்க சொல்றது சரி," என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆணை வந்தது. நடந்த தவறை மன்னித்து, கருணையின் அடிப்படையில், கண்டிப்பான எச்சரிக்கையுடன் குருவி பணியில் தொடர அனுமதிக்கப்படுகிறாள். ஏற்றுக்கொண்டதற்கு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தர் பேனாவை நீட்டினார். வீட்டில் இரண்டு குழந்தைகள், வேலை தேடி அலையும் கணவன். குருவி திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

அக்காவுக்கு உள்ளே கொதித்தது. கருணையாம்! பன்னிரண்டு பேரை வேகவைத்துவிட்டு, வெந்தவளை மன்னிக்கிறார்கள். ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

"உன் வேலை, உன் கை. நீ போட்டா நான் ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டேன். சத்தியமா."

குருவி பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு எழுத்தரிடம் கேட்டாள்.

"மன்னிக்கிறாங்கன்னா நான் தப்பு பண்ணியிருக்கணுமே சார். நான் என்ன தப்பு பண்ணேன்?"

குருவி பேனாவை மூடி வைத்தாள்.

அன்று பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். வெப்ப அளவுகளின் பட்டியலை அதோடு இணைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு எதிரே, அளவு தவறியது, கணக்கில் சேர்க்கவில்லை என்று அக்காவே தன் கையால் எழுதினாள். அந்த வரியை மறைத்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, மறைக்கிற வேலை அவர்களுடையது என்றாள். மனுவின் நகல் தொழிலாளர் நலத் துறைக்கும் போனது.

எட்டாம் நாள் வேறொரு ஆணை. பணியிட வெப்பத்தால் ஏற்பட்ட மயக்கம், ஊழியர்மீது தவறில்லை. கருணை என்ற வார்த்தையே இல்லை. குருவி கையெழுத்துப் போட்டாள், நன்றாக அழுத்தி. ஆணையின் கடைசி வரியில், இஸ்திரி அறைக்கு நீராவியை வெளியே இழுக்கும் விசிறிகள் உரிய காலத்தில் பொருத்தப்படும் என்று இருந்தது.

டிகிரி அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மதிய இடைவேளையில் பன்னிரண்டு பேரும் பராமரிப்பு இன்ஜினியரின் அறைக்குப் போனார்கள். அறை நிறைந்துவிட்டது. வேர்வை வாசனையும் சலவைச் சோடா வாசனையும் அவருடைய மேசைவரை வந்தது.

"உரிய காலம்னா எந்தத் தேதி சார்?"

அதெல்லாம் நடைமுறை இருக்கிறது, கோப்பு மேலே போக வேண்டும், போகச் சொல்கிறேன், நீங்கள் வேலைக்குப் போங்கள் என்றார் அவர்.

"தேதி மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. போயிடறோம்."

உடனே எழுத முடியாது, யோசிக்க வேண்டும் என்றார்.

"யோசிங்க சார். எங்களுக்கு அவசரமில்ல," என்று அவள் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "இங்க குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்கு. நாங்க நிக்கிறோம்."